தேடிக் கேட்டவர்கள்

1942 மார்ச் கடைசியில், கொழும்பில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் குடியேறியிருந்த பிரித்தானியக் கடற்படைக் குழு ஒன்று ஜப்பானியப் போர்க்கப்பல்களின் மோர்ஸ் செய்திகளை இரவு பகலாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தது. தாக்கப்படவிருந்த இடம் எதுவென்று அந்தச் செய்திகள் சொல்லவில்லை. 'டி.ஜி.' என்ற மறைகுறி மட்டுமே திரும்பத் திரும்ப வந்தது. பிறகு ஒரு செய்தியில் எதிர்த்தரப்பு அலுவலர் இடத்தின் பெயரை ஜப்பானிய அசைகளாகவே பிரித்து அனுப்பினார்: கோ, ரோ, ன், போ. தான் இருக்கும் நகரத்தின் பெயரையே அந்தக் குழு எதிரியின் அலையில் கேட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை வெளியே அனுப்பப்பட்டன. கடற்படை ஆழ்கடலுக்குப் போய்க் காத்திருந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சோல், ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் வானொலியில் தகவல் அனுப்பினார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, குண்டுகள் விழுந்தன. அன்று துறைமுகம் நிறையக் கப்பல்கள் நின்றிருந்தால் சேதம் பல மடங்காகியிருக்கும்.

இலங்கையின் வானொலி வரலாற்றை எழுதுவோர் இந்தச் சம்பவத்தைப் போர் வரலாற்றின் கணக்கில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நம்மிடம் வானொலி வரலாறு என்றால் அது பேசியவர்களின் வரலாறு. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் என்று குரல்களின் பெயர்களைச் சொல்லிப் பழைய வானொலிக் காலத்தை நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியதுதான். ஆனால் கொழும்பின் நூறாண்டு வானொலிக் கதையைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்த நகரத்தில் முக்கியமான கட்டங்களைத் திரும்பத் திரும்பத் தீர்மானித்தவர்கள் கேட்டவர்கள். அவர்கள் தற்செயலாகக் காதில் விழுந்ததைக் கேட்டவர்கள் அல்லர். எங்கே, எந்த நேரத்தில், எந்த அலையில் என்று தேடி, கிடைத்ததை இனங்கண்டு, குறித்துவைத்துக் கேட்டவர்கள். கையில் அடங்கும், பல அலைகளை வரிசையாகத் துழாவிக் கேட்கும் ஸ்கானர் கருவியை இன்று ஒருவர் வாங்கி அதில் அலைகளைப் பதிந்துவைக்கிறார் என்றால், அவர் செய்வது அந்தப் பழைய வேலையைத்தான். அந்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அது சந்தேகத்துக்குரிய பொழுதுபோக்காகப் பார்க்கப்படாமல் ஓர் அறிவுத்துறையாக மதிக்கப்பட வேண்டும் என்பதும் என் வாதம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். 1970ஐ ஒட்டி அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எலெக்ட்ரா நிறுவனம் 'பெயார்கட்' என்ற பெயரில் விற்ற ஆரம்பகால ஸ்கானர்களில், கேட்க விரும்பும் ஒவ்வோர் அலைக்கும் தனித்தனியே ஒரு படிகத்துண்டு வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. எட்டு அலை வேண்டுமென்றால் எட்டுப் படிகம். எதைக் கேட்கப் போகிறோம் என்பதைக் காசு கொடுக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். 1970களின் பிற்பகுதியில் மீடிறனைக் கருவியே உருவாக்கிக்கொள்ளும் சுற்றுகள் வந்தன, கூடவே இலக்கப் பொத்தான்களும் வந்தன. அதன்பிறகுதான் 'பதிந்துவைத்தல்' என்ற வேலையே பிறந்தது. இன்றைய யுனிடன் கைக்கருவி ஒன்றில் 500 அலைகளைப் பத்துத் தொகுதிகளாகப் பிரித்து வைக்கலாம். தேடலை நிறுத்தி, வெற்றிடமான ஓர் இலக்கத்தைத் தெரிந்து, மீடிறனைப் புள்ளியோடு அடித்துப் பதிய வேண்டும். 156.800 மெகாஹேட்ஸ் என்றால் கப்பல்களின் அவசர அழைப்பு அலை. 121.500 என்றால் விமானங்களின் ஆபத்து அலை. 145.800இல் சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடக்கும்போது சில வேளைகளில் பேச்சுக் கேட்கும். இலக்கத்தை அடித்ததோடு வேலை முடிவதில்லை. விமான அலையை எஃப்.எம்.இல் வைத்தால் பேச்சு சிதைந்துதான் கேட்கும், ஏனெனில் உலகெங்கும் விமானிகள் ஏ.எம். முறையிலேயே பேசுகிறார்கள். இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் அழைத்தால் எஃப்.எம்.இல் வலுவான குரல் மற்றதை முழுதாக விழுங்கிவிடும், ஏ.எம்.இல் ஒரு கிறீச்சொலி எழுந்து இருவர் பேசுகிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும். உயிர்காப்பு நோக்கில் அந்தப் பழைய முறை இன்னும் கைவிடப்படவில்லை. இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் திருகியும் இப்படித்தான். அதிகம் இறுக்கினால் மெலிந்த குரல்கள் தொலையும், தளர்த்தினால் கருவி வெற்று இரைச்சலில் நின்றுவிடும், அடுத்த அலைக்கு நகராது.

ஆக ஸ்கானரைப் பதிந்துவைப்பவர் உண்மையில் செய்வது ஒரு பட்டியல் தயாரிப்பது. அந்தப் பட்டியல் அவர் வாழும் நகரத்தின் இயக்கத்தைப் பற்றிய அவருடைய அறிவு. கொழும்பைப் போல அதற்கு வசதியான இடம் தெற்காசியாவில் குறைவு. களனி ஆறு கடலில் சேரும் வடபகுதியில் நிலம் தட்டையானது. துறைமுகம் கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிடு தூரம். கட்டுநாயக்கா விமான நிலையம் வடக்கே முப்பது கிலோமீற்றர், இரத்மலானை வெள்ளவத்தைக்குத் தெற்கே மிக அருகில். இந்த அலைகள் ஏறக்குறையப் பார்வைக் கோட்டில்தான் செல்லும். அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்று வரும். 30 மீற்றர் உயர மாடியொன்றுக்கு அது ஏறத்தாழ 22.5 கிலோமீற்றர். எதிர்ப்பக்கத்துக் கப்பலின் அன்ரெனாவும் உயரமானது என்பதால் நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள கப்பலும் கேட்கும். பத்தாயிரம் மீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அடிவானம் 412 கிலோமீற்றர். கணக்குப்படி மதுரைக்கு மேலே பறக்கும் விமானியின் குரல் கொட்டாஞ்சேனை மொட்டைமாடிக்கு எட்டக்கூடும். இதைத் தெரிந்துகொண்டு தேடுபவருக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பவருக்கும் நிறைய வேறுபாடு உண்டு.

இந்த அறிவு ஸ்கானரோடு வந்ததல்ல. 1921இல் இலங்கைக்கு வந்த தந்தித் திணைக்களத் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறை ஒன்றில், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் உதிரிகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியைக் கட்டி இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தார் என்பது எல்லா நூல்களிலும் உண்டு. அதே ஹார்ப்பர் பிரித்தானியரும் இலங்கையருமான ஆர்வலர்களைச் சேர்த்து 'சிலோன் வயர்லெஸ் கிளப்'பையும் தொடங்கினார் என்பது ஒரு வரியோடு போய்விடுகிறது. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். அக்காலத்துப் படிக வாங்கியில் மெல்லிய கம்பி முனையைத் தாதுக்கட்டியின் மேல் நகர்த்தி நகர்த்தி, ஒலி பிறக்கும் புள்ளியைத் தேட வேண்டும். அது தெரிந்தவர்கள் ஊரில் இல்லாவிட்டால் ஒலிபரப்பி ஊமைதான். 1925 டிசம்பர் 16ஆம் திகதி வெலிக்கடையிலிருந்து கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியபோது, அதைக் கேட்கத் தெரிந்த ஒரு சிறு கூட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அரசும் இதை வேறொரு வழியில் ஒப்புக்கொண்டது. வானொலிப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் தபாலகத்தில் அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டியிருந்த காலம் மிக நீண்டது. கேட்பதே வரிக்கும் பதிவுக்கும் உரிய செயலாகக் கருதப்பட்டது.

போர் முடிந்தபின் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகத்துக்காக ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாற் சிற்றலை ஒலிபரப்பி 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. அந்த ஒலிபரப்பியின் வலு பெரியது என்பது உண்மை. ஆனால் இலங்கை வானொலி இந்தியாவெங்கும் பரவியதற்குக் காரணம் வலு மட்டுமா? 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைத் தடுத்தார். அதே ஆண்டில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' இலங்கை வானொலியில் தொடங்கியது. தம் நாட்டு நிலையம் தராத பாட்டுக்காக முள்ளைத் திருப்பி, 25 மீற்றரிலோ 41 மீற்றரிலோ கடல் கடந்து வரும் ஒலியைக் கண்டுபிடித்து, மழைக்கால இரைச்சலையும் ஒலி மங்குவதையும் பொறுத்துக்கொண்டு கேட்டவர்கள் இலட்சக்கணக்கானோர். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் அதே கதை. கொழும்பை ஆசியாவின் வானொலித் தலைநகராக்கியவர்கள் முள்ளைத் திருப்பிய அந்தக் கைகளுக்கு உரியவர்கள்தான். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கும்படி இந்திய அரசை நிர்ப்பந்தித்ததும் அவர்களுடைய விலகல்தான். கேட்பவர் ஓரிடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குத் திரும்பிவிட்டால் ஓர் அரசின் கலாசாரக் கொள்கையே நிலைகொள்ளாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் கேட்பு நடந்தது. தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடித்து, கேட்ட நேரம், மீடிறன், ஒலியின் தரம், நிகழ்ச்சி விவரம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பி, நிலையத்திடமிருந்து உறுதிப்படுத்தும் அட்டை பெறுகிற 'டி.எக்ஸ்.' ஆர்வலர்கள் இலங்கையில் இருந்தார்கள். அவர்களில் விக்ரர் குணதிலக்க உலகமறிந்தவர். 4எஸ்7விகே என்ற அழைப்புக்குறியுடைய அவரின் கேட்பு அறிக்கைகள் நெதர்லாந்து வானொலியின் 'மீடியா நெட்வேர்க்' நிகழ்ச்சியில் தொடர்ந்து வந்தன. ஐரோப்பாவிலிருப்பவர்களால் கேட்க முடியாத ஆசிய நிலையங்கள் எப்போது தோன்றின, எப்போது அலை மாறின, எப்போது மௌனமாயின என்பதைக் கொழும்புக்கு அருகிலிருந்து ஒருவர் சொல்ல, உலகம் குறித்துக்கொண்டது. தொலைக்காட்சி விடயத்தில் இன்னும் வியப்பான ஒரு முன்பின் உண்டு. இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1979இல். ஆனால் 1975இலேயே இந்தியப் பொறியியலாளர்கள் கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் ஒரு பெரிய வட்ட அன்ரெனாவை நிறுத்தி, ஏ.டி.எஸ்.-6 செய்மதி வழியாக இந்தியக் கிராமங்களுக்கென அனுப்பப்பட்ட நிகழ்ச்சிகளைப் பிடித்துக் காட்டினார்கள். நிலையத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பே வாங்கிக் கருவி வந்துவிட்டது. கொழும்பில் பெறுகிற திறன் அனுப்புகிற திறனுக்கு முன்னால் வந்திருக்கிறது என்பதை வேறெந்த நிகழ்ச்சியும் இத்தனை வெளிச்சமாகக் காட்டவில்லை.

உள்நாட்டுப் போர்க்காலம் இந்த வாதத்தின் மிகக் கனமான பகுதி. 1990இலிருந்து வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. மின்சாரமும் இல்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கிற மின்சாரத்தில் றேடியோவை இயக்கினார்கள். சுற்றுகிற கை களைத்தால் குரலும் தேயும், இன்னொருவர் வந்து மிதியைப் பிடிப்பார். இரவு ஒன்பதே காலுக்கு பீபீசி தமிழோசை, வேறொரு நேரத்தில் மணிலாவிலிருந்து வெரித்தாஸ். எந்த நேரத்துக்கு எந்த மீற்றர், மழை நாளில் எது மங்கும், எந்த மாற்று அலைக்குப் போக வேண்டும் என்பதைத் தொழில்நுட்பப் படிப்பு எதுவும் இல்லாத முதியவர்களும் அறிந்திருந்தார்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் கைக்கு ஓய்வு கொடுத்து அடுத்ததற்குத் தயாராவார்கள். பதிந்துவைக்கும் நினைவகம் அவர்களின் கருவியில் இல்லை, தலையில் இருந்தது. கொழும்பில் மின்சாரத்துக்குக் குறைவில்லை, செய்திக்குத்தான் குறைவு. 1998 ஜூனில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்தபின், 2000 மே மாதத்தில் அது இன்னும் இறுகியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வடக்கில் உறவினரை வைத்திருந்த குடும்பங்களுக்கு வெளிநாட்டுச் சிற்றலை சாப்பாட்டைப் போல அன்றாடத் தேவை. 2009 பெப்ரவரியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் எஃப்.எம். வழியாகப் போய்க்கொண்டிருந்த தமிழ், சிங்களச் செய்திகளில் குறுக்கீடு நடக்கிறது என்று சொல்லி பீபீசி அந்த ஏற்பாட்டை நிறுத்திக்கொண்டது. உள்ளூர் எஃப்.எம்.இல் சொகுசாகக் கேட்கப் பழகியவர்களுக்கு அன்றோடு சத்தம் நின்றது. சிற்றலையில் தேடத் தெரிந்தவர்களுக்கு நிற்கவில்லை.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும், அதை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது. கேட்பது என்பது ஒட்டுக்கேட்பதும்கூட. இந்தத் தீவின் போரில் இரு தரப்பினரும் மற்றவரின் வோக்கிப் பேச்சைக் கேட்டார்கள், கேட்டதை வைத்து எறிகணை விழுந்த இடங்கள் உண்டு, ஆட்கள் இறந்தார்கள். அப்படியிருக்க, அலையைத் துழாவும் கருவி ஒன்றைத் தெருவில் போகிறவர் கையில் கொடுக்கலாமா என்று கேட்பவரைக் குறைசொல்ல முடியாது. இந்த அச்சம் அரசுகளுக்கு இடையிலும் இருந்தது. இலங்கையில் அமெரிக்கக் குரல் வானொலிக்கு வசதி கொடுத்ததை இந்தியா எப்படிப் பார்த்தது என்பதற்கு 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்கள் சான்று. வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு இலங்கை கொடுக்கும் வசதிகள் பொது ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்பட வேண்டும், இராணுவ அல்லது உளவு நோக்கத்துக்கு அல்ல என்று அங்கே எழுதப்பட்டது. பேசுவதற்கென்று கட்டிய கோபுரம் கேட்பதற்கும் உதவும் என்ற பயம் அந்த வரிக்குள் இருக்கிறது. வேறொரு நோக்கத்துக்கான இடம் கேட்புக்குப் பயன்பட்டதற்குக் கொழும்பிலேயே முன்னுதாரணம் உண்டு. 1943இல் போர்க்கால இடைமறிப்பு நிலையம் நகரின் புறத்தே ஆண்டர்சன் கோல்ஃப் மைதானத்தில்தான் அமைக்கப்பட்டது.

இதற்கு என் பதில் இரண்டு படி. ஒன்று, சட்டம் ஏற்கெனவே ஒரு நியாயமான கோட்டை வரைந்திருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும், ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவை உருவாக்கிய 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் அலைகளைப் பயன்படுத்த அனுமதிப்பத்திரம் கேட்கின்றன. பொதுமக்கள் கேட்பதற்கென்று அனுப்பப்படாத செய்தியை வேண்டுமென்றே இடைமறித்து அறிந்துகொள்வதைக் குற்றமாக்குகின்றன. அந்தக் கோட்டை மதித்து நடப்பவரின் பட்டியலில் பொலிஸ், இராணுவ அலைகள் வரவேண்டிய தேவையே இல்லை. கடல்சார் அவசர அலை, அமெச்சூர் அலைகள், செய்மதிகள், ஒலிபரப்பு நிலையங்கள் என்று எல்லோருக்கும் திறந்தே இருக்கும் வானம் ஓர் ஆயுளுக்குப் போதும். விமானப் பேச்சைக் கேட்பது ஒரு நாட்டில் வழக்கம், இன்னொரு நாட்டில் குற்றம் என்பதால் கருவி வாங்குவதற்கு முன் சட்டத்தைப் படிப்பதும் இந்தக் கலையின் பகுதிதான். இரண்டு, இரகசியத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு முதலில் அனுப்புகிறவருடையது. திறந்த அலையில், மறைகுறியீடு இல்லாமல், ஊருக்கே கேட்கப் பேசிவிட்டுக் கேட்டவரைத் தேடிப் பிடிப்பது பாதுகாப்பு ஆகாது. 1942இல் கோ-ரோ-ன்-போ என்று அனுப்பிய அலுவலரின் தவறும் அதையொத்ததுதான். குறியாக்கம் செய்யப்பட்ட எண்முறை வானொலி வந்தபிறகு எந்தப் படையும் பொலிஸும் ஒரு கைக்கருவிக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒருவர் வீட்டில் கருவி இருந்தது என்பதையே சந்தேகமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் போர் விட்டுச்சென்ற மிச்சம், அதிலும் தமிழ்ப் பெயருடையவர் வீட்டில் என்றால் அந்தச் சந்தேகம் இரட்டிப்பானது. அதைக் களைவது நீதியின் பாற்பட்டது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

இன்னோர் ஆட்சேபம், கேட்பதால் மட்டும் என்ன நடந்துவிடும் என்பது. 1942 ஏப்ரல் 5இல் முன்கூட்டியே தெரிந்திருந்தும் இரத்மலானை விமானப் படைத்தளம் தாக்குதலின் போது ஆயத்தமில்லாமல் இருந்தது. கேட்டவருக்கும் செயற்பட வேண்டியவருக்கும் இடையே செய்தி அறுந்துபோயிற்று. இது சரியான ஆட்சேபம், ஆனால் இதனால் கேட்பின் மதிப்புக் குறையவில்லை, கேட்டதைக் கொண்டுசேர்க்கும் வழி அதனோடு சேர்ந்தே கட்டப்பட வேண்டும் என்றுதான் நிரூபணமாகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் அது நடந்தது. தெற்குக் கரையில் தொலைபேசிகள் செத்துக்கிடக்க, இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டைக்குப் போய்ச் சிற்றலைக் கருவியை நிறுவிக் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். அவர்கள் பேசியவர்கள்தானே, கேட்டவர்கள் அல்லவே என்று சொல்லலாம். ஆனால் அமெச்சூர் வானொலியில் முதல் விதி, அழைப்பதற்கு முன் கேள் என்பதுதான். எந்த நேரத்தில் எந்த அலை கொழும்புக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையே எடுபடும், எது தலைக்கு மேலே தாவிப் போய்விடும் என்ற அறிவு ஆண்டுக்கணக்கில் கேட்டுச் சேர்த்தது. அந்த நாளில் அதைப் புதிதாகக் கற்க நேரமிருக்கவில்லை.

கடைசி ஆட்சேபம் காலத்தைப் பற்றியது. எல்லாம் கைத்தொலைபேசிக்குப் போய்விட்டது, பேச்சு எண்முறையாகிக் குறியாக்கம் செய்யப்பட்டுவிட்டது, பீபீசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பே 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு முடிந்துபோயிற்று, இனி அலையைத் தேடிக் கேட்பவருக்கு என்ன மிஞ்சுகிறது? இதில் பாதி உண்மை. பழைய ஸ்கானரில் பதிந்திருந்த பல இலக்கங்கள் இன்று வெறும் கரகரப்பாகவோ மௌனமாகவோதான் இருக்கும். ஆனால் 2012இல் மலிவான தொலைக்காட்சி வாங்கித் துண்டு ஒன்றைக் கணினியில் செருகினால் அது பரந்த அலைவெளியைப் பிடிக்கும் வாங்கியாகிறது என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தபின், இந்தக் கலை செத்துப்போகவில்லை, இடம் மாறியது. 161.975இலும் 162.025இலும் கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் தாமே அறிவிக்கின்றன. 1090 மெகாஹேட்ஸில் விமானங்கள் அவ்வாறே செய்கின்றன. 2022 ஜூலை 14ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ச மாலைதீவிலிருந்து சிங்கப்பூர் போன எஸ்.வி. 788 விமானத்தை உலகெங்கும் மக்கள் திரையில் பின்தொடர்ந்தார்கள். அந்நேரத்தில் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் மிக அதிகம் பேர் பார்த்த விமானம் அதுதான். அந்தத் தளம் வானத்தை அறிவது பெரும்பாலும் தன்னார்வலர்கள் தம் கூரையில் வைத்திருக்கும் வாங்கிகளால். நாட்டை விட்டுப் போன ஆட்சியாளரின் பயணத்தைக் குடிமக்களுக்குக் காட்டியது எந்த அரசு ஒலிபரப்பும் அல்ல. மறுபக்கம், இணையத்தின் மேல் மட்டும் சாய்ந்திருப்பதன் ஆபத்தையும் இதே நாடு பார்த்துவிட்டது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் உட்படக் குண்டுகள் வெடித்த அன்றே சமூக ஊடகங்கள் மூடப்பட்டன. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் மறுபடியும் மூடப்பட்டன. அதிகாரம் ஓர் உத்தரவால் நிறுத்தக்கூடிய வழி ஒன்றும், நிறுத்தக் கடினமான வழி ஒன்றும் கையில் இருப்பது நல்லது.

இவ்வளவுக்கும் சான்று எங்கே இருக்கிறது என்று தேடினால் ஏமாற்றம்தான். அறிவிப்பாளர்களின் குரல்கள் ஓரளவு பதிவாகியிருக்கின்றன, அவர்களைப் பற்றிய நூல்கள் வந்திருக்கின்றன. கேட்டவர்களின் குறிப்பேடுகள் எங்குமில்லை. உறுதி அட்டைகளும், நேரம் மீடிறன் எழுதிய கொப்பிகளும், எந்த மீற்றரில் எது என்று கிறுக்கிய நாட்காட்டித் தாள்களும் வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்குப் போகின்றன, அல்லது உரியவர் இறந்ததும் எரிக்கப்படுகின்றன. கொழும்பில் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகங்கள் இருக்கின்றன. தமிழில் எண்முறை நூலகங்களை நடத்தும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரேனும் கேட்புக் குறிப்பேடுகளை ஒரு தனி வகையாகச் சேர்க்கத் தொடங்கினால் என்ன கிடைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். முறையாக எழுதப்பட்ட ஒரு கேட்புக் குறிப்பின் ஒரு வரியில் திகதி, கிறீன்விச் நேரம், மீடிறன், நிலையத்தின் பெயர் ஆகியவற்றோடு, ஒலியின் வலு, குறுக்கீடு, இரைச்சல், மங்கல், மொத்தத் தரம் என ஐந்து இலக்கத் தரமிடல் இருக்கும். அவற்றில் இரண்டாவது இலக்கம் குறுக்கீட்டுக்கு. 2009 பெப்ரவரிக்கு முந்திய இரவுகளில் யாரேனும் ஒருவர் வெள்ளவத்தையிலிருந்து அந்த இலக்கத்தை ஒழுங்காக எழுதிவந்திருந்தால், எந்த இரவில், எந்த நிமிடத்தில் குரல் மறிக்கப்பட்டது என்பது இன்று விவாதத்துக்கு உரியதாக இருக்காது.